சாமி மேடையடியில் செத்த முராய்: பூனைகளை விரட்டத்தான் வேண்டுமா?

பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா, கால்நடை மருத்துவனான எனக்கு ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது ஐம்பத்து நான்கு. ஆள் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு தோட்டத்து லய வீடுகளை உடைத்து எல்லாரும் தாமானுக்கு மாறியபோது, காலி வீட்டில் கத்திக்கொண்டு கிடந்த இரண்டு குட்டிகளை இவர் தூக்கி வந்தார். பெட்டைக்குச் செம்பி என்றும் கடுவனுக்குக் கருப்பன் என்றும் பெயர். செம்பிக்குக் கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டது, கருப்பனுக்கு இல்லை. முதலில் சீச்சாக் என்கிற பல்லியும் கரப்பானும்தான் பிடித்து வந்தன. ஆறு மாதமாக நிலைமை வேறு. வாரத்துக்கு மூன்று நான்கு எலி, நடுவில் சிட்டுக்குருவி, போன மாதம் அடுப்படியில் உயிரோடு ஒரு பாம்பு. வீட்டுக்குப் பின்னால் தோட்டத்தில் பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு நடக்கிறது என்றும் ஓரிடத்தில் எழுதியிருக்கிறார்.

இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை. விளக்கேற்றப் போனவர் சாமி மேடைக்குக் கீழே ஒரு முராய்ப் பறவையைப் பார்த்தார். இறக்கை விரிந்து கிடந்தது, தலை இல்லை. எண்பது வயது மாமியார், "வயித்துப் பிள்ளைக்காரி இருக்கிற வீட்டில் இது நல்லதுக்கு இல்லை" என்று சொல்லிவிட்டார். மருமகளுக்கு நான்காம் மாதம். மறுநாள் விடியற்காலையில் குளியலறைக்குப் போன அந்தப் பெண் வெறுங்காலோடு ஒரு எலியை மிதித்து, வாந்தியெடுத்து, அழுதிருக்கிறார். கிள்ளானிலிருந்து சம்பந்தியம்மா போன் செய்து, "பூனை இருக்கணுமா, என் மகள் இருக்கணுமா, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார். பூனைகளைச் சாக்கில் கட்டி மோட்டாரில் கொண்டுபோய்ப் பட்டணத்து மார்க்கெட்டில் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். எலி மருந்து வைத்தால் எலியும் தீரும், பூனையின் வேலையும் தீரும் என்பது பக்கத்து வீட்டுக்காரரின் யோசனை.

இவர் தன் பங்குக்கு இரண்டு பூனைகளுக்கும் கழுத்தில் மணி கட்டியிருக்கிறார். 'புத்தி வரட்டும்' என்று இரவுச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறார். ஒன்றும் குறையவில்லை. "நான் என்ன குறை வைத்தேன் டாக்டர்? இதுகளுக்குப் பசியா, என்மேல் கோபமா? பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமா?" இவைதான் கேள்விகள். கடைசி வரியில், கருப்பனுக்கு மூக்கில் ஒரு புண் ஒரு மாதமாக ஆறவில்லை, மஞ்சள் பூசி வருகிறேன் என்றும் சேர்த்திருக்கிறார்.

அம்மா, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எழுதிய ஆறு பக்கத்தில் இந்த வாரமே கவனிக்க வேண்டியது அதுதான்.

கருத்தடை செய்யாத கடுவன், வெளியே சுற்றுகிறது, சண்டை போடுகிறது, மூக்கில் ஒரு மாதமாக ஆறாத புண். இப்படி ஒரு பூனை என் மேசைக்கு வந்தால் முதலில் ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சை நோயைத்தான் சந்தேகிப்பேன். நம் நாட்டுப் பூனைகளிடம் அடிக்கடி பார்க்கிற நோய் அது. மண்ணிலும் மக்கிய மரத்திலும் வாழ்கிற பூஞ்சை, சண்டையில் நகம் கிழித்த இடத்தில் உள்ளே போகிறது. மூக்கு, காது, பாதம் என்று புண் வைக்கும். சாதாரணப் புண் மருந்துக்கு ஆறாது. பூனை பிராண்டினாலோ கடித்தாலோ அந்தப் புண்ணை வெறுங்கையால் தொட்டாலோ மனிதருக்கும் தொற்றும். கையில் ஒரு கட்டி வரும், பிறகு வரிசையாக முழங்கை வரை ஏறும்.

பயப்பட வேண்டாம், குணமாகக்கூடியதுதான். புண்ணிலிருந்து ஒற்றி எடுத்துப் பரிசோதித்தால் தெரிந்துவிடும். மாத்திரை பல மாதம் கொடுக்க வேண்டியிருக்கும். புண் ஆறிய பிறகும் குறைந்தது ஒரு மாதம் தொடர வேண்டும், பாதியில் நிறுத்தினால் திரும்ப வரும். மஞ்சளை நிறுத்துங்கள். வீட்டிலுள்ள அரிப்புக் களிம்பு எதையும் தடவாதீர்கள், ஸ்டீராய்டு கலந்த களிம்பு இதை இன்னும் மோசமாக்கும். சோதனை முடிவு வரும்வரை கருப்பன் தனி அறையில் இருக்கட்டும். கையுறை போட்டு நீங்கள் மட்டும் தொடுங்கள், மருமகள் தொடவே வேண்டாம். கையிலோ காலிலோ ஆறாத கட்டி யாருக்காவது இருந்தால், வீட்டில் இப்படி ஒரு பூனை இருக்கிறது என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். கருப்பனுக்கு இருப்பது வேறு சாதாரணக் காயமாகவே இருந்தாலும் காட்டிவிட்டு வருவதில் நஷ்டமில்லை.

சரி, இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.

பசியும் இல்லை, கோபமும் இல்லை

நீங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. பூனைக்கு வேட்டையும் பசியும் வேறு வேறு. 1976இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிடித்த உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளின் முன்னால் ஓர் எலியை விட்டார்கள். தட்டை விட்டு எழுந்து போய் எலியைக் கொன்று, அதைத் தட்டுக்கே தூக்கி வந்து வைத்துவிட்டு, பழைய சாப்பாட்டைத் தொடர்ந்து தின்றன. இரை கண்ணில் பட்டால் பாய்வது அதன் உடம்பிலேயே ஊறியது. அதனால் இரவுச் சாப்பாட்டை நிறுத்தியதில் எந்தப் பயனும் இல்லை. பசித்த பூனை இன்னும் தூரம் போகும், பிடித்ததில் அதிகம் தின்னும், தின்றதிலிருந்து புழுவும் நோயும் அதிகம் வாங்கிவரும். இன்றைக்கே அந்தச் சாப்பாட்டைத் திரும்பப் போடுங்கள்.

வீட்டுக்குள் ஏன் கொண்டுவருகிறது? பூனைக்கு ஆபத்தில்லாத இடம் என்று ஒன்று உண்டு. பிடித்ததை அங்கே கொண்டுவந்து வைத்து, நிதானமாகத் தின்னும் அல்லது விட்டுவிடும். உங்கள் வீட்டில் இரவில் ஆள் நடமாட்டம் இல்லாத, மூன்று பக்கமும் அடைப்பான, குளிர்ச்சியான தரை எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சாமி மேடையின் அடிதான். செம்பி அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பாட்டியிடம் வாக்குவாதம் வேண்டாம். கொள்ளுப்பேரப் பிள்ளையைப் பற்றிய கவலை அவருக்கு. "பாட்டி சொன்னதால்தான் செய்கிறோம்" என்று சொல்லி, மேடைக்கு அடியில் ஒரு பலகைக் கதவு போட்டு மூடிவிடுங்கள். அவர் மனம் ஆறும், செம்பிக்கும் அந்த மூலை இல்லாமல் போகும்.

ஆறு மாதமாக ஏன் இவ்வளவு அதிகம்? இதற்கான பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள், ஆனால் அதைக் காரணமாகப் பார்க்கவில்லை. செம்பனை சுமார் இருபத்தைந்து வருடம் ஆனதும் மரத்தைச் சாய்த்து மறுநடவு செய்கிறார்கள். நான் பால்மரத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன், பிறகு அதே தோட்டம் செம்பனையானதையும் பார்த்தவன். பெரிய மரங்களைச் சாய்க்கும்போது மட்டையிடுக்கிலும் கொண்டையிலும் இருந்த எலி அத்தனையும் வெளியே வரும். துண்டு போட்டு வரிசையாகக் குவித்த மரக்கட்டைகளுக்குள் கொஞ்சம் தங்கும், மிச்சம் பக்கத்து வீடுகளைத் தேடி வரும். எலியைத் தேடிப் பாம்பும் வரும். செம்பியும் கருப்பனும் மாறவில்லை அம்மா, உங்கள் வேலிக்குப் பின்னால்தான் எல்லாம் மாறியிருக்கிறது. பூனைகளை இன்றைக்கே அனுப்பிவிட்டாலும் எலிகள் வரும். அப்போது அவை கண்ணில் படாமல் சமையலறைக்குள்ளேயே இருக்கும்.

பூனை இருந்தால் எலி தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நியூயார்க்கின் புரூக்ளினில், எலிகள் நிறைந்த ஒரு கட்டடத்தைப் பூனைகள் சுற்றிவரும் நிலையில் 79 நாள் கேமரா வைத்துப் பார்த்தார்கள். பூனைகள் கொன்றது இரண்டே எலி. பெரிய எலியோடு மோதப் பூனை தயங்கும், சின்னதாகப் பார்த்துத்தான் பிடிக்கும். எலியைக் குறைப்பது நம் கையில்தான் இருக்கிறது. அரிசியை மூடியுள்ள டின்னில் வையுங்கள். கோழித்தீவனத்தை இரவில் எடுத்துவிடுங்கள். குப்பைப் பையைத் தரையில் விடாதீர்கள். வடிகால் குழாய் ஓட்டைகளுக்குக் கம்பி வலை போடுங்கள்.

வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தா?

உங்கள் மருமகளின் பயம் நியாயமானது. அருவருப்பு என்று தள்ளிவிடாதீர்கள். ஆனால் சம்பந்தியம்மா பயப்படுகிற விஷயமும் உண்மையான ஆபத்தும் ஒன்றில்லை.

அவர் கேள்விப்பட்டிருப்பது டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியைப் பற்றியாக இருக்கும். எலியையும் பறவையையும் தின்கிற பூனைக்கு அது தொற்றும் என்பது உண்மை. கர்ப்பகாலத்தில் ஒரு பெண்ணுக்கு முதல்முறையாகத் தொற்றினால் சிசுவைப் பாதிக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் பூனை பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே முறை, முதல் தொற்றின்போது, ஒன்று முதல் மூன்று வாரம் வரைதான் மலத்தில் அதன் முட்டைகளை வெளியேற்றும். அப்படி வெளியேறியதும் உடனே தொற்றாது, ஒன்று முதல் ஐந்து நாள் ஆக வேண்டும். அதனால் மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்தாலே பெரிய ஆபத்து விலகிவிடும். அதை மருமகள் செய்யக் கூடாது, மகன் செய்யட்டும். வாரம் ஒருமுறை தட்டில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றட்டும், குளோராக்ஸ் போன்ற வெளுப்பு மருந்துக்கு அந்த முட்டைகள் சாகாது.

பூனையைத் தடவுவதால் இது வருவது மிக அரிது. மனிதருக்கு அதிகம் தொற்றுவது சரியாக வேகாத இறைச்சியிலும், மண்ணிலும், கழுவாத கீரையிலும்தான். கொல்லையில் பறித்த வல்லாரையை உலாமாகப் பச்சையாகத் தின்கிற பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்த ஐந்து மாதத்துக்கு மருமகளுக்கு அது வேண்டாம், சமைத்துக் கொடுங்கள். சாத்தேயை உள்ளே சிவப்பு தெரியாமல் வேகவைத்துக் கொடுங்கள். பூச்செடியில் கை வைப்பதானால் கையுறை. அடுத்த செக்கப்புக்குப் பிங்க் புக் என்கிற கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தோடு போகும்போது, "வீட்டில் வேட்டையாடும் பூனை இருக்கிறது, டாக்ஸோ ரத்தப் பரிசோதனை வேண்டுமா?" என்று டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். முன்பே தொற்றி எதிர்ப்புச் சக்தி இருப்பது தெரிந்தால், பொதுவாகச் சிசுவுக்குப் பாதுகாப்புதான். அந்த ஒரு தாளைக் காட்டினால் சம்பந்தியம்மாவுக்கும் நிம்மதி வரும்.

நான் அதிகம் கவலைப்படுவது எலிச் சிறுநீரைப் பற்றி. மலாய்க்காரர்கள் கென்சிங் தீக்குஸ் என்று சொல்கிற அந்தக் காய்ச்சல், லெப்டோஸ்பைரோசிஸ், 2010 முதல் நம் நாட்டில் சுகாதாரத் துறைக்கு அறிவித்தே ஆக வேண்டிய நோய். எலியின் சிறுநீர் பட்ட ஈரத்தை வெறுங்காலால் மிதித்து, காலில் சின்ன வெடிப்பு இருந்தால்கூட உள்ளே போகும். மருமகள் மிதித்து இரண்டு வாரம் ஆகிறது. நோய் வெளிப்பட ஒரு மாதம் வரைகூட ஆகலாம். இதற்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசையில் கடும் வலி, கண் சிவப்பு, மஞ்சள் காமாலை எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எலியை மிதித்ததைச் சொல்ல வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் பயந்துகொண்டு உட்கார வேண்டாம். வீட்டுக்குள்ளும் செருப்புப் போட்டு நடக்கட்டும்.

செத்ததை எடுக்கும்போது துடைப்பத்தால் கூட்டாதீர்கள். கையில் பிளாஸ்டிக் பையை மாட்டி, அதாலேயே பிடித்து, பையை உள்வெளியாகத் திருப்பிக் கட்டி, இன்னொரு பையில் போடுங்கள். ஒரு பங்கு குளோராக்ஸுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து அந்த இடத்தில் ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். காயும்வரை பூனைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. பினாயில், டெட்டால் இரண்டும் பூனை இருக்கிற வீட்டுத் தரைக்கு வேண்டாம். அவற்றிலுள்ள மருந்தை உடைத்து வெளியேற்றப் பூனையின் ஈரலால் முடியாது. பாதத்தில் பட்டு, நக்கி, விஷமாகிவிடும்.

எலி மருந்து

பக்கத்து வீட்டுக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் இதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன்.

கடையில் விற்கும் கட்டிகளில் பெரும்பாலானவை ரத்தம் உறைவதைத் தடுப்பவை. எலி தின்றதும் சாகாது. சாக மூன்று நாளிலிருந்து ஒரு வாரம்வரை ஆகும். அதுவரை தள்ளாடிக்கொண்டு, பகலிலேயே திறந்த இடத்தில் நடக்கும். செம்பிக்கு அதைவிடச் சுலபமான இரை கிடைக்காது. ஒரு தடவை ஒரு பாட்டி துண்டில் சுற்றி ஒரு சாம்பல் நிறப் பூனையைக் கொண்டுவந்தார். நடக்கவில்லை, மூச்சு வாங்கியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெள்ளைத் தாள் மாதிரி இருந்தது. ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்கவே இல்லை. அந்த வீட்டில் மருந்து வைக்கவில்லை, எங்கோ வைத்ததைத் தின்ற எலியை இது தின்றிருக்கிறது. நேரத்தோடு வந்ததால் வைட்டமின் கே1 கொடுத்துப் பிழைக்க வைத்தோம். மாத்திரை வாரக்கணக்கில் போனது. ஒரு நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது.

இன்னொன்றும் உண்டு. எலி குறைந்தால் பூனை வேட்டையை நிறுத்திவிடாது, பறவைக்கும் சீச்சாக்குக்கும் திரும்பும்.

தோட்டமும் மறுநடவின்போது மருந்து வைக்கலாம். மரத்துக்கு ஒரு கட்டி வைத்து, தின்றதை எண்ணி, சில நாளுக்கு ஒருமுறை மாற்றி வைப்பது வழக்கம். உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்த மண்டோரிடமோ கிராணியிடமோ எந்தத் தேதியில் நம் பக்கம் வைக்கிறீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த நாட்களிலும் அதற்குப் பிறகு இரண்டு வாரமும் பூனைகள் வெளியே போகக் கூடாது. கம்பத்தில் ஆந்தைப் பெட்டி வைத்திருக்கிற தோட்டமானால் அதையும் விசாரியுங்கள். ஒரு ஜோடி கூகை ஆந்தையும் குஞ்சுகளும் ஒரு வருடத்தில் ஆயிரம் எலி அளவுக்குத் தின்னும். மருந்து தின்ற எலியைத் தின்று அந்த ஆந்தைகளும் சாகின்றன. தோட்டத்து ஆட்களுக்கு இது தெரியும், கேட்டால் காது கொடுப்பார்கள்.

மார்க்கெட்டில் கொண்டுபோய் விடுவது

உங்கள் வீட்டுக்காரரைக் கல்நெஞ்சக்காரர் என்று நான் நினைக்கவில்லை. மார்க்கெட்டில் மீன் தலை கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும் என்றுதான் நம் ஆட்கள் விடுகிறார்கள். நடப்பது வேறு. அங்கே ஏற்கனவே இருக்கிற பூனைகள் புதிதாக வந்ததை அடித்து விரட்டும். வந்த பூனை வீட்டைத் தேடி நடக்கத் தொடங்கும், பெரும்பாலும் சாலையில் முடியும். கருப்பனுக்கு நான் சந்தேகிக்கிற நோய் இருந்தால், அந்த மார்க்கெட்டில் எத்தனை பூனைக்கும் எத்தனை பேருக்கும் அது பரவும் என்று யோசியுங்கள்.

சட்டமும் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி விலங்குக்குத் தேவையற்ற துன்பம் கொடுப்பது குற்றம். தண்டனை 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்று வருடம்வரை சிறை, அல்லது இரண்டும். சாக்கில் கட்டி மோட்டாரில் கொண்டுபோவதே அதற்குள் வந்துவிடலாம்.

எப்படிப் பார்த்தாலும் வீட்டில் வைத்திருக்க முடியவில்லை என்றால், தெரிந்த நல்ல வீட்டுக்குக் கொடுப்பதில் தப்பில்லை. அதற்கு முன்பு கருப்பன் குணமாக வேண்டும், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்திருக்க வேண்டும். அப்படிக் கொடுத்தால் நீங்கள் குற்ற உணர்ச்சியோடு இருக்கத் தேவையில்லை. ஆனால் அந்த முடிவை இந்த மாதம் எடுக்காதீர்கள்.

இன்று சாயங்காலத்திலிருந்து

எல்லாவற்றையும்விட முக்கியமானது, இரவில் பூனைகளை உள்ளே அடைப்பது. எலி இரவில் வெளியே வரும், பறவை விடிகிற நேரத்திலும் அடைகிற நேரத்திலும்தான் அதிகம் மாட்டும். நம் ஊரில் விடிவது ஏழு மணி சுமாருக்கு, இருட்டுவது ஏழரைக்கு. மாலை ஆறரைக்கு உள்ளே, காலை ஒன்பதுக்கு மேல் வெளியே என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல் ஐந்தடியில் கிரில் இருக்குமே, அதில் கம்பி வலை அடித்துவிட்டால் மணல் தட்டு, தண்ணீர், ஒரு அட்டைப்பெட்டி வைக்க அதுவே போதும். கருப்பன் குணமாகும்வரை தனி அறையில்தான். செம்பி முதல் வாரம் இரவெல்லாம் கத்துவாள். அந்த ஒரு வாரத்தைத் தாங்கிக்கொள்ளுங்கள், நடுராத்திரியில் மனமிரங்கிக் கதவைத் திறந்தால் கத்தினால் கதவு திறக்கும் என்று கற்றுக்கொள்வாள்.

சாப்பாட்டையும் அந்த ஆறரை மணிக்கே வையுங்கள். டின்னைத் தட்டுகிற சத்தத்துக்கு ஓடி வரும். இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 355 பூனைகளை வைத்து நடத்திய ஆய்வு 2021இல் வெளிவந்தது. தானியம் கலக்காத, இறைச்சிப் புரதம் அதிகமுள்ள உணவு கொடுத்த வீடுகளில், பூனை கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாடிய வீடுகளில் 25 சதவீதம் குறைந்தது. சோறு நிறையவும் மீன் கொஞ்சமுமாகப் பிசைந்து கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சோற்றைக் குறைத்து, உப்பில்லாமல் வேகவைத்த மீனையோ கோழியையோ கூட்டுங்கள். முடிந்தால் ஒரு வேளைக்கு நல்ல டின் உணவு. விளையாட்டுக்குக் குச்சியில் கயிறு கட்டி, நுனியில் ஒரு சேவல் இறகு. எலி ஓடுகிற மாதிரி தரையில் இழுத்து, ஒளித்து, கடைசியில் பிடிக்க விட்டுவிடுங்கள். பிடித்ததும் சாப்பாடு.

மணி? அதே ஆய்வில் மணியால் ஒரு பயனும் தெரியவில்லை. கழற்றிவிடலாம். பறவைகளுக்காக ஒன்று செய்யலாம். கழுத்துப் பட்டையைச் சுற்றிப் பளிச்சென்ற நிறத்தில் அகலமாகத் துணி தைத்துப் போட்டால் பறவை தூரத்திலேயே பார்த்துவிடும். அந்த ஆய்வில் பறவை வேட்டை 42 சதவீதம் குறைந்தது அப்படித்தான். எலி வேட்டை குறையவில்லை. பட்டை, இழுத்தால் தானாகக் கழன்றுகொள்ளும் வகையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வேலியில் மாட்டிக் கழுத்து இறுகும். பறவைகளைப் பற்றி ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் பூனைகளின் கழுத்தில் கேமரா கட்டிப் பார்த்தபோது, பிடித்ததில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் வீட்டுக்கு வந்தது. நீங்கள் ஒரு முராயைப் பார்த்தால் வெளியே இன்னும் சில செத்திருக்கும். காலையில் வேலியோரம் பாடுகிற அந்தப் பறவையை இழக்க நமக்கு மனம் வருமா? பூனை அதன் இயல்பைச் செய்கிறது, கதவு நம் கையில் இருக்கிறது.

உயிரோடு ஒரு பறவையைக் கொண்டுவந்தால் பூனையை முதலில் அறைக்குள் அடையுங்கள், பறவையை அட்டைப்பெட்டியில் இருட்டாக வையுங்கள். காயம் தெரியாவிட்டாலும் பூனைப் பல்லில் உள்ள கிருமி ஓரிரு நாளில் அதைக் கொன்றுவிடும். மருந்து வேண்டும், கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். பாம்பைக் கொண்டுவந்தால் பூனையைத் தூக்கக்கூடப் போகாதீர்கள். எல்லாரும் வெளியே வந்து, கதவைச் சாத்தி, அடி இடுக்கில் துணி அடைத்து, 999க்கு அழையுங்கள். பொம்பா, அதாவது தீயணைப்புப் படை வரும். செம்பனைக் காட்டில் விஷத்தைக் கண்ணில் பீய்ச்சுகிற நாகம் உண்டு. பூனையின் கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான தண்ணீரால் கால் மணி நேரம் கழுவிக்கொண்டே கிளினிக்குக்கு வாருங்கள்.

அப்புறம், குடல்புழு மருந்து இரண்டுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பின்பக்கத்தில் அரிசி மணி மாதிரி ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு, உடனே கொடுக்க வேண்டும். சீச்சாக் தின்கிற பூனைக்கு ஈரலில் ஒரு வகைத் தட்டைப்புழு வரும். சாப்பிடாமல் இளைத்து, காது உட்புறம் மஞ்சளாகத் தெரிந்தால் காத்திருக்காதீர்கள். கருப்பனுக்குக் கருத்தடை, புண் குணமான பிறகு. அது வேட்டையை நிறுத்தாது, ஆனால் ஊர் சுற்றுவதும் சண்டையும் குறையும்.

சம்பந்தியம்மாவிடம் நீங்களே பேசுங்கள், மகனைப் பேச விடாதீர்கள். "பூனை முக்கியம்" என்று ஒரு வார்த்தை வரக் கூடாது. "உங்கள் மகள் மணல் தட்டைத் தொட மாட்டாள், ராத்திரியில் பூனை அடைத்தே இருக்கும், வீட்டுக்குள் சுற்றாது, ரத்தப் பரிசோதனை கேட்கிறோம், எனக்கு ஒரு மாதம் கொடுங்கள்" என்று சொல்லுங்கள். மருமகளிடமும் கேளுங்கள். பெரியவர்கள் எல்லாம் கூடி முடிவு செய்கிறோம், அந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

சுவரில் தினசரி காலண்டர் மாட்டியிருப்பீர்கள். கிழிக்கிற ஒவ்வொரு தாளின் பின்னாலும் அன்றைக்கு என்ன வந்தது என்று குறியுங்கள்: எலி, குருவி, சீச்சாக், ஒன்றுமில்லை. முப்பது தாள் சேர்ந்ததும் கட்டி எனக்கு அனுப்புங்கள், கருப்பனின் மூக்கைப் பற்றி டாக்டர் சொன்னதையும் சேர்த்து.